ஜிப்புக்குள் நாற்பது வளைகள்

ஒரு காட்டில் ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி, அரசு வேலை பார்த்தது. வேறு யாரோ என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். அது நான்தான். உடம்பெல்லாம் செதில், நீள நாக்கு, பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் குணம். காட்டு நிர்வாக அலுவலகத்தில் கணினிப் பிரிவு முழுக்க என் பொறுப்பு. பிரிவில் நான் ஒருவன்தான். சி மொழியில் புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரே விலங்கு என்பதால் எறும்புகள்கூட என்னை சார் என்றுதான் கூப்பிடும். அது மரியாதை இல்லை, பயம் என்று வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்குக் காகம் வந்து தகவல் சொன்னது. மேல்காட்டு ஏரி நிரம்பிவிட்டது. யானைகள் ஒரு மணிக்கு மதகைத் திறக்கப் போகிறார்கள். ஆற்றங்கரையில் நாற்பது வளைகள் இருந்தன. தண்ணீர் வந்தால் நாற்பதும் முழுகிவிடும்.

எங்கள் அதிகாரி மாசாணியம்மா என்கிற கரடி. நிதானமானவர்.

"எந்த வளையில் யார் இருக்காங்கன்னு பட்டியல் எடுங்க. பட்டியல் இல்லாம வெளியேத்தினா, யாரை வெளியேத்தினோம்னு மேலிடத்துக்கு எப்படி எழுதுறது?" என்றார்.

பட்டியல் இருந்தது. எங்களுக்கு முன்பிருந்த ஓணான் எழுத்தர், அலுவலகத்தின் எல்லாக் கோப்புகளையும் சுருக்கி ஒரே ஜிப்பாகக் கட்டிவிட்டு ஓய்வு பெற்றிருந்தார். முழுவதையும் பிரித்துப் போடக் கணினியில் இடமில்லை. தேன் எடுக்கும் வீடியோக்கள் இடத்தை அடைத்திருந்தன. அவை யாருடையவை என்று நான் சொல்ல மாட்டேன்.

பக்கத்து மேசையில் குருவம்மா என்ற கீரி. தபால் பிரிவு. அவள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த ஒரு கோப்பை மட்டும் வெளியே எடுக்க முடியாதா?"

"எடுக்கலாம். ஒரு வரிக் கட்டளைதான்."

"அப்போ எடுங்க."

ஒரு வரியில் முடிகிற வேலைக்கு எனக்கு எதற்குத் தனி மேசை? "பாரு குருவம்மா, எதையும் வெளியே எடுக்காம, ஜிப்புக்குள்ளேயே இருக்கிற கோப்பை என் புரோகிராம் நேரடியாத் திறந்து படிக்கும். அது ஜிப்புக்குள்ள இருக்குன்னு புரோகிராமுக்கே தெரியாது" என்றேன்.

"இதுக்குன்னு யாராவது ஏற்கெனவே எழுதி வச்சிருப்பாங்களே?"

"இருக்கு. ஆனா அடுத்தவங்க எழுதினதை நான் நம்புறதில்லை."

அவள் மேசையை விட்டு எழுந்தாள். பிறகு வாசல் பக்கம் போய்விட்டாள். டீ குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

ஜிப்பை முதலிலிருந்து படிக்கக் கூடாது, கடைசியிலிருந்து படிக்க வேண்டும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற அட்டவணை வால்பகுதியில்தான் இருக்கும். இதை எனக்கு நானே இரண்டு முறை சத்தமாக விளக்கிக்கொண்டேன். கோப்பைத் திறக்கும் வழக்கமான கட்டளையின் இடத்தில் நானே எழுதிய கட்டளையை வைத்தேன். அது ஜிப்புக்குள் நுழைந்தது, அட்டவணையைப் பார்த்தது, சரியான கோப்பையும் கண்டுபிடித்தது. அதோடு புரோகிராம் செத்து விழுந்தது. எனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கை வைத்துவிட்டேனாம். நான் சுருண்டுகொண்டேன். பிழை வந்தால் எங்கள் இனத்தில் அதுதான் முதல் நடவடிக்கை.

"ஆச்சா?" என்றார் மாசாணியம்மா.

"அஞ்சு நிமிஷம் மேடம்" என்றேன், சுருண்ட நிலையிலேயே.

புரோகிராமைப் பிரித்துப் பார்த்தால், வேலை முடிந்ததென்று ஒரே நினைவகத்தை இரண்டு முறை விடுவித்திருந்தேன். அதைச் சரிசெய்தால், சுருக்கிய கோப்பில் ஏற்கெனவே படித்த இடத்துக்குத் திரும்பிப் போக முடியவில்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விரித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. இப்படி ஒன்பது முறை ஐந்து நிமிடம் கேட்டேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் பட்டியல் திரையில் வந்தது. நாற்பது வளைகள், ஒரு எழுத்துகூடச் சிதையாமல். திரும்பிப் பார்த்தேன், காட்டுவதற்குக் குருவம்மா இல்லை. அச்செடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். அழுங்கு ஓடுவதை நீங்கள் பார்த்ததில்லை. பார்க்காமல் இருப்பதே நல்லது.

நான் போனபோது ஒரு மணி தாண்டி, ஆறு ஏற்கெனவே வந்திருந்தது. வளைகள் இருந்த இடத்தில் செந்நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. முதல் வளை முள்ளம்பன்றி சடையாண்டியுடையது. நடக்க முடியாத கிழவர். அவர் பெயரைக் கூப்பிட்டேன். இரண்டாவது பெயரைக் கூப்பிட்டேன். பதினேழாவது பெயரோடு நிறுத்திக்கொண்டேன். தாள் நனைந்து ஓரத்தில் மை கரைந்தது. மூன்று மணி நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று வாழ்க்கையில் முதல்முறையாக யோசித்தேன்.

மேட்டுப் பக்கத்திலிருந்து இருமல் சத்தம் கேட்டது. சடையாண்டியின் இருமல்.

ஏறிப் போனால் எல்லோரும் அங்கே இருந்தார்கள். உடும்புகள், முயல்கள், பிறந்து நான்கு நாளான இரண்டு மரநாய்க் குட்டிகள். நடுவில் குருவம்மா, முழங்கால் வரை சேறு, முதுகில் சடையாண்டியின் முள் இரண்டு குத்தி நின்றன.

"எப்படிம்மா? பட்டியலே இல்லாம?"

"நாப்பது வளைதானே அண்ணே. ஒவ்வொன்னுலயும் தலையை விட்டு, யாராச்சும் இருக்கீங்களான்னு கேட்டேன்."

மாசாணியம்மா வந்து சேர்ந்தார். என் தாளை வாங்கிப் பெயர் படித்தார். மூன்று பெயருக்குப் பதில் வரவில்லை. அவர்கள் போன வருடமே இறந்தவர்கள். மரநாய்க் குட்டிகள் பட்டியலில் இல்லாததால் அவை காப்பாற்றப்படவில்லை என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் எனக்குப் பாராட்டுச் சான்றிதழும் முதுநிலைப் பதவியும் வந்தன. அனுமதியில்லாமல் இருக்கையை விட்டுப் போனதற்குக் குருவம்மாவுக்கு மெமோ வந்தது. எழுந்து நின்று நடந்ததைச் சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கும் தெரியும்.

சுருண்டுகொண்டேன்.

நீதி: உள்ளே இருப்பதை வெளியே எடுக்காமல் படிக்கத் தெரிந்தால் பதவி உயர்வு. உள்ளே இருப்பவர்களை வெளியே எடுத்தால் விளக்கம் கேட்டுக் கடிதம்.