சீஸ் சிஸ்டரோடு ஒரே அறையில்

உலகத்தில் யாரோடு வேண்டுமானாலும் ஒரே அறையில் குடியிருந்துவிடலாம், சீஸ் சிஸ்டரோடு மட்டும் முடியாது. இருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

கொல்லிமலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராகச் சேர்ந்தபோது, குவார்ட்டர்ஸில் எனக்குக் கிடைத்தது நர்ஸ் அக்காவின் அறையில் பாதி. அவர்தான் சீஸ் சிஸ்டர். அவருக்கு ஊர் கொடைக்கானல். அங்கே ஓர் அம்மா மிளகும் பூண்டும் போட்டு வீட்டிலேயே செய்து விற்ற சீஸைத் தடவித்தான், சின்ன வயதில் அவருக்குத் தினமும் சாண்ட்விச் கட்டிக் கொடுப்பார்களாம். அந்த அம்மா வீடு மாறிப் போய்விட்டார். அந்த ருசியைத் தானே செய்து கொண்டுவருவது என்று அக்கா முடிவெடுத்தார். அவருடைய துக்கம் அன்றிலிருந்து என்னுடையதும் ஆயிற்று.

ஞாயிறு விடிந்தால் பாலைக் காய்ச்சி, எலுமிச்சம்பழம் பிழிந்து திரித்து, துணியில் மூட்டை கட்டித் தொங்கவிடுவார். அறையில் இருந்த ஒரே கொக்கி என் கட்டிலுக்கு நேர் மேலே. பாதி கிண்ணத்தில் சொட்டும், மீதி என் தலையணையில். ஃப்ரிட்ஜில் என் இட்லி மாவுக்கு இடம் கிடையாது. பூண்டு வாசனை மருந்து கொடுக்கும் ஜன்னல் வரைக்கும் என்னோடு வந்தது.

பக்கத்து மலைக்கிராமமான குண்டூர் நாட்டிலிருந்து பால் கொண்டுவரும் பெண்மணிக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"ஏனுங்க சிஸ்டர், திரிஞ்ச பாலைக் கீழ ஊத்தோணும்ங்க. அதைப் போயி மூட்டை கட்டிக் காப்பாத்தறீங்களே."

"உங்க பால்லதான் என்னமோ குறையுது" என்றார் சிஸ்டர்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் கடுங்காப்பி குடித்தோம்.

எல்லாவற்றிலும் கொடுமை ருசி பார்ப்பதுதான். ரொட்டியின் ஓரத்தை வெட்டி, முக்கோணமாக நறுக்கி என் வாய்க்கு நேரே நீட்டுவார்.

"கொடைக்கானல் ருசி வந்திருச்சாடி?"

"நான் கொடைக்கானலே போனதில்லீங்கக்கா."

"அதான் உன்னைக் கேக்குறேன். நீதான் ஊர்ப்பாசம் இல்லாம சொல்லுவ."

வந்துவிட்டது என்றால், பொய் சொல்கிறாய் என்பார். வரவில்லை என்றால் மறுநாளே இன்னொரு படி பால் திரியும்.

கடைசியில் அவருடைய தம்பி அந்த அம்மாவைத் தேடிப் பிடித்து, ஒரு பாட்டில் சீஸோடு மலையேறி வந்தார். நான் குலதெய்வத்துக்கு நன்றி சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சாண்ட்விச்சை ஒரு கடி கடித்தார். மெதுவாக மென்றார்.

"இது அது இல்லடா."

"அதே அம்மாதான்க்கா. என் கண்ணு முன்னாடிதான் பாட்டில்ல அடைச்சாங்க."

"காரமே இல்ல. இந்த மலை மிளகைப் போடணும்னு அவங்ககிட்டச் சொல்லு."

நானும் வாங்கிக் கடித்தேன். அமிர்தம். அக்கா செய்வதெல்லாம் அதற்குப் பக்கத்தில்கூட நிற்காது. அதை அப்படியே சொன்னேன்.

"உனக்கு நாக்கே கிடையாதுடி" என்று பாலை அடுப்பில் ஏற்றினார்.

நேராக டாக்டரிடம் போய் வேறு அறை கேட்டேன்.

"சண்டையாம்மா?"

"இல்லீங்க டாக்டர். சீஸுங்க."

அவரையும் அக்கா ருசி பார்க்கச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. மறுபேச்சில்லாமல் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அக்கா கோபப்படவில்லை. என் டிரங்குப் பெட்டிக்கு ஒரு பக்கம் கைகொடுத்துத் தூக்கிக்கூட வந்தார். புது அறையில் தலையணை காய்ந்திருந்தது, காற்றில் வாசனையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக இட்லி ஊற்றித் தின்றேன். தின்ற பிறகும் என்னவோ போல இருந்தது. செம்மேட்டுக் கடைத்தெருவுக்கு பஸ் ஏறிப் போய் ஒரு ரொட்டி வாங்கி வந்து, அக்காவின் கதவைத் தட்டினேன்.

ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. உள்ளே இரண்டு தட்டுகளை எடுத்து வைத்திருந்தார்.