வசந்தம் அம்மையார் வருகை

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வெளியே "கிறீ...ச், கிறீ...ச்" என்று ஒரு சத்தம். தொண்டையில் மீன்முள் சிக்கியவன் ஒப்பாரி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. அது நெருங்கி நெருங்கி வந்து, "டொம்" என்று கதவில் மோதியது. கதவு தானாகத் திறந்துகொண்டது.

திறக்காமல் என்ன செய்யும்? தாழ்ப்பாள் இருந்தால்தானே!

பிலோமி இடுப்பில் கைப்பிள்ளையோடு எழுந்து நின்றாள். ஒரே கையில் ஜெபமாலையும் விளக்குமாறும். பேயென்றால் அது, திருடனென்றால் இது. இரண்டுமில்லை. ஆபீஸ் பியூன் மாடக்கண்ணு. அவர் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. எந்த வீட்டுக்குத் தபாலோ அந்த வீட்டுக் கதவுதான் பிரேக்.

"அண்ணாச்சி, உசிரே போயிட்டு!" என்றாள் பிலோமி.

"சர்க்கார் தபால் டீச்சரம்மா, அதான் கொஞ்சம் வேகமா வந்துட்டு," என்றார் மாடக்கண்ணு.

பிலோமி தூத்துக்குடி கடற்கரைத் தெருவில் இருந்த பால்வாடியின் டீச்சர். பால்வாடிக்குப் பின்கட்டு அறைதான் அவளுக்கு வீடு. புருஷன் ஹென்றி கப்பலில் வேலை பார்த்தான். வருஷத்தில் பாதிநாள் கடிதத்தில்தான் இருப்பான். கடல்காற்றின் உப்பு தின்று கதவின் தாழ்ப்பாள் துருப்பொடியாக உதிர்ந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. குழந்தைகளுக்கு வந்த கோதுமைரவை மூட்டையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுப்பாள். மாதக் கடைசி ஆக ஆக, குழந்தைகள் உப்புமா தின்னத் தின்ன, மூட்டை இளைக்கும். பிலோமியின் பயம் பெருகும்.

தாழ்ப்பாள் கேட்டு ஆபீசுக்கு எழுதிப் பார்த்தாள். "பால்வாடி பகல்நேர நிறுவனமாகும். இரவில் உள்ளிருந்து தாழிட, உள்ளே ஆள் இருத்தல் வேண்டும். இரவில் உள்ளே ஆள் இருத்தல் விதிகளுக்குப் புறம்பானதாகும்" என்று பதில் வந்தது. 'இந்த அறையில்தான் தங்க வேண்டும் என்று நீங்கள்தானே உத்தரவு போட்டீர்கள்' என்று மறுபடி எழுதினாள். "குழந்தைகளை உள்ளே வைத்துத் தாழிடும் உத்தேசம் உண்டா என்பதைத் தெளிவுபடுத்தவும்" என்று பதில் வந்தது. பிலோமி பயந்துபோய் அதோடு விட்டுவிட்டாள்.

இப்போது மாடக்கண்ணு கொண்டுவந்தது மெட்ராஸிலிருந்து வந்த சுற்றறிக்கையின் நகல். அங்கே ஒரு பெரிய அதிகாரி குழந்தைக் கல்வி கற்றுவர வெளிநாடு போய்த் திரும்பியிருந்தார். போன ஊரில் வசந்தகாலம் என்று ஒன்று இருந்திருக்கிறது. அது நம் ஊர்க் குழந்தைகளுக்கு இல்லையே என்று விமானத்திலேயே கண் கலங்கினாராம். இறங்கியதும் நல்ல தமிழ் தெரிந்த ஒருவரைப் பிடித்து எழுத வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் தண்ணீர் வரியைக்கூட எதுகை மோனையோடுதான் கேட்பார்கள்.

"வசந்தம் வருகிறாள்! வண்ண வானவில் ஏந்தி வருகிறாள்! வரும் பங்குனித் திங்களில் பால்வாடி தோறும் அவளை வரவேற்க ஆவன செய்க. மேகம், காற்று, மழை, வானவில் ஆகியவற்றை மழலையர் தம் பிஞ்சுக் கரங்களாலேயே செய்து காட்டுதல் வேண்டும்."

"ஆபீஸே கலங்கிக் கிடக்கு டீச்சரம்மா," என்றார் மாடக்கண்ணு. "யாரு இந்தம்மா?"

"எந்தம்மா?"

"வசந்தம்."

பிலோமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஆள் இல்ல அண்ணாச்சி. பருவம். மழைக்காலம், வெயில்காலம்ங்கிற மாதிரி."

"பருவம்னா 'வருகிறது'ன்னுல்லா போடுவான்? 'வருகிறாள்'னு போட்டிருக்கான். மெட்ராஸ்ல தப்பாப் போடுவானா?"

கான்வென்ட் சிஸ்டர்கள் பிலோமிக்குச் சொல்லிக் கொடுத்த இலக்கணத்தில் மெட்ராஸ் இல்லை.

மறுநாள் காலையில் அவள் ஆபீசுக்கே போனாள். நல அலுவலர் சிவசுப்பிரமணியன் முன்னால் அந்தக் காகிதம் விரித்துக் கிடந்தது. பக்கத்தில் தலைமை எழுத்தர் செந்தூர்பாண்டி நின்றார். ஐம்பதைத் தாண்டியவர். மகன் போட்டுக் கழித்த பெல்பாட்டம் கால்சட்டையில் இருந்தார். அவர் நடந்த இடத்தைத் தனியாகப் பெருக்க வேண்டியதில்லை.

'வருகிறாள்' என்பதை அலுவலர் சிவப்பு மையால் 'வருகிறார்' என்று ஏற்கெனவே திருத்தியிருந்தார். ஒரு பெண் அதிகாரியை அவமதித்தார் என்று நாளைக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது அல்லவா?

"பேருக்கு முன்னால இனிஷியல் இல்லையே," என்று கவலைப்பட்டார் அலுவலர்.

"அவ்வளவு பெரிய அம்மாவுக்கு இனிஷியல் எதுக்கு சார்?" என்றார் செந்தூர்பாண்டி. "வானவில் ஏந்தி வாராங்களாம். கையில லக்கேஜ் இருக்கு. கூட ஒரு போர்ட்டருக்குச் சொல்லிருதேன்."

பிலோமி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சார், வசந்தம்னா ஸ்பிரிங்..."

"ஸ்பிரிங் நம்ம ஸ்டோர்ல இருப்பு இல்லம்மா," என்றார் செந்தூர்பாண்டி.

"இல்ல சார். அது ஒரு சீசன். குளிர் நாட்டுல பனி போன பெறவு பூ பூக்குமே, அது. நமக்கு அது கிடையாது. நமக்கு வெயிலு, அது விட்டா கார்த்திகையில மழை."

அலுவலர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க கான்வென்ட்ல படிச்சவங்க. இங்கிலீஷ்ல அது பருவமா இருக்கலாம். அரசாங்கத் தமிழ்ல அவங்க ஆள். நமக்கு எது மேல?"

"அரசாங்கத் தமிழ்தான் சார்."

"வேற ஏதாவது உண்டா?"

வந்ததே வந்தோம் என்று பிலோமி கேட்டுவிட்டாள். "அந்தத் தாழ்ப்பாள் சார்... பிள்ளையை வச்சுக்கிட்டு ராத்திரி பயமா இருக்கு."

அலுவலர் பெருமூச்சு விட்டார். "என் அதிகாரம் கொக்கி வரைக்கும்தான் அம்மா. கொக்கி போட நாதாங்கி வேணும். நாதாங்கிக்கு மரத்துல துளை போடணும். துளை போட்டா கட்டட மராமத்து. அது மேலிடம். ஒண்ணு செய்யலாம். வசந்தம் அம்மையார் நேர்ல வந்து பார்த்து ஒரு வார்த்தை சொன்னா, அன்னைக்கே போட்டுரலாம்."

பிலோமி மெதுவாக, "அம்மையார் எந்த ரயில்ல வாராங்க சார்?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து தூத்துக்குடியில் வசந்தத்தை அவளைவிட ஆவலாக எதிர்பார்த்தவர் எவருமில்லை.

பால்வாடியில் ஒத்திகை தொடங்கியது. மேகம் செய்ய இலவம்பஞ்சு வந்தது. குழந்தைகள் மேகத்தைப் பிய்த்துப் பிய்த்து மூக்கில் ஏற்றிக்கொண்டு தும்மின. ஆயா தங்கத்தாய் ஒவ்வொரு மூக்கிலிருந்தும் மேகம் எடுத்தாள். காற்றுக்குப் பனையோலைக் காற்றாடி. மழைக்குத் துளை போட்ட தகரடப்பா.

மழையில்தான் சிக்கல் வந்தது. உப்பளம் வைத்திருந்த முத்துக்கனி அண்ணாச்சி ஆபீசுக்கே வந்து நின்றார். "பால்வாடியில மழை பெய்ய வைக்கப் போறீயளாம்ல? பங்குனியில மழை பெஞ்சா எங்க உப்பு என்னத்துக்கு ஆவும்?"

"அது சின்னப் பிள்ளைங்க டப்பாவுல ஊத்துற மழை அண்ணாச்சி," என்றாள் பஞ்சுக் கணக்குக் கொடுக்க அங்கே வந்திருந்த பிலோமி.

"ஏளா, சின்ன மழைதான் பெருசா ஆவும்! சர்க்கார் தொடங்கினது எது நின்னிருக்கு?"

அலுவலர் யோசித்தார். மழையை நிறுத்தினால் மெட்ராஸ் கோபிக்கும். பெய்தால் உப்பளம் கோபிக்கும். கடைசியில் 'நீரில்லா மழை' என்று முடிவாயிற்று. டப்பாவில் தண்ணீருக்குப் பதில் தூள் உப்பைப் போட்டுக் குலுக்க வேண்டியது. உப்பை அண்ணாச்சியே இலவசமாகக் கொடுத்தார்.

அடுத்தது வானவில். செந்தூர்பாண்டி ஏழு நிறங்களையும் உற்றுப் பார்த்துவிட்டு, "சார், இதுல கட்சி கலந்திருக்கு," என்றார். சிவப்பு ஒரு கட்சியின் கொடியில் இருந்தது. பச்சை இன்னொன்றில். காவிநிறம் சாமியார்களுடையது, மஞ்சளில் கட்சி இல்லாவிட்டாலும் சாமி இருந்தது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்ததில் கருநீலம் மட்டும் மிஞ்சியது. அது எந்தக் கட்சியிலும் சேராததற்குக் காரணம், அது எந்த நிறம் என்று யாருக்கும் தெரியாததுதான். ஆகவே குழந்தைகள் துணிக்குப் போடும் நீலத்தில் கையை முக்கி, சுவரில் அங்கீகரிக்கப்பட்ட ஒரே நிறத்தில் வானவில்லை அப்பின. மிச்ச நீலத்தைத் தங்கத்தாயின் சேலையில் அப்பின.

"டீச்சர், வசந்தம் எப்படி இருப்பா?" என்று பேபி என்ற பொடிசு கேட்டாள்.

"நல்லா இருப்பா. கையில தாழ்ப்பாள் வச்சிருப்பா," என்றாள் பிலோமி.

விழாநாள் வந்தது. பந்தல், வாழைமரம், மாதா கோயில் பேண்டு வாத்தியம், எல்லாம் தயார். அலுவலர் மாலையோடு ஸ்டேஷனுக்குப் போனார். மெட்ராஸ் ரயில் வந்தது. கருவாட்டுக் கூடைகள் ஏறின. வெற்றிலைக் கட்டுகள் இறங்கின. வசந்தம் இறங்கவில்லை.

அலுவலர் வாடிய மாலையும் வாடிய முகமுமாகப் பால்வாடிக்குத் திரும்பினார். "வசந்தம் வரலைன்னு எப்படிய்யா எழுதுறது? மெட்ராஸ்ல கிளம்பினவங்க எங்க போனாங்கன்னு என்னையில்ல கேட்பான்!"

"மணியாச்சி ஜங்ஷன்ல வண்டி மாறாம நேரே திருநெல்வேலிக்குப் போயிட்டாங்களோ என்னமோ," என்றார் செந்தூர்பாண்டி. "திருநெல்வேலி ஆபீஸ்ல நேத்தே விழா முடிஞ்சிட்டாம் சார். வசந்தம் வந்து, ரொம்பத் திருப்தின்னு சொல்லிட்டுப் போனாங்களாம். டிரங்க் காலே வந்துட்டு."

"அவனுக்கு மட்டும் எப்படி வந்தாங்க?"

"வர வச்சிருப்பான் சார்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் பிலோமியைப் பார்த்தார்கள். இருந்ததிலேயே நல்ல வெள்ளைச் சேலையை அன்றைக்குக் கட்டியிருந்தாள். இங்கிலீஷும் தெரியும்.

"ஐயோ, நான் மாட்டேன் சார்! எனக்குக் கை நடுங்குது," என்றாள் பிலோமி.

"பெரிய அதிகாரிங்களுக்குக் கொஞ்சம் நடுங்கும்மா. சுகர்னு நெனச்சுக்குவாங்க," என்று அவளை நாற்காலியில் உட்கார வைத்தார் அலுவலர். மாலை விழுந்தது. பேண்டு முழங்கியது.

"ஏ, எங்க டீச்சர்!" என்று கத்தினாள் பேபி.

அலுவலர் ஒலிபெருக்கியை இழுத்தார். "வசந்தம் அம்மையாரின் பெருமையே அதுதான். பார்ப்பவர்களுக்கெல்லாம் அவரவர் டீச்சராகவே காட்சியளிப்பார்!"

கூட்டம் கைதட்டியது. தங்கத்தாயின் இடுப்பிலிருந்த பிலோமியின் கைப்பிள்ளை, "ம்மா... ம்மா..." என்று வசந்தத்தை நோக்கித் தாவியது. "மழலையும் மயங்கும் மாண்பு!" என்றார் அலுவலர்.

மேகம் பறந்தது. அதில் ஒரு துண்டு செந்தூர்பாண்டியின் வாய்க்குள் போயிற்று. காற்றாடிகள் சுற்றின. அடுத்து நீரில்லா மழை. குழந்தைகள் டப்பாவைக் குலுக்கும் நேரம் பார்த்துக் கடல்காற்று திரும்பியது. மொத்த உப்பும் முன்வரிசைக் கண்களில் பெய்தது. அலுவலர், முத்துக்கனி அண்ணாச்சி, பேண்டு வாத்தியக்காரர் எல்லோரும் தாரை தாரையாகக் கண்ணீர் வடித்தார்கள். அறிக்கையில் பின்னால் அது 'ஆனந்தக் கண்ணீர்' என்று இடம்பெற்றது.

வாயில் உப்புக் கரிக்க, குழந்தைகள் தண்ணீர்ப் பானைக்கு ஓடின. வாய் கொள்ளும் மட்டும் மொண்டு, கொப்பளித்து, வெயிலுக்கு முதுகு காட்டிக்கொண்டு "ஃபூ" என்று ஊதின. ஊதிய சாரலில் சின்னதாய் ஒரு வானவில் எழும்பி நின்றது. நிஜ வானவில். ஏழு நிறமும் இருந்தது.

"டீச்சர், பாருங்க! வில்லு! வில்லு!" என்று குழந்தைகள் குதித்தன. மறுபடி ஊதின. மறுபடி வந்தது.

பிலோமி தான் யாரென்பதை மறந்து கைதட்டினாள்.

"யாருய்யா அது?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பதறினார் அலுவலர். "ஒத்திகையில இல்லாத வானவில்! அதுலயும் சிவப்பு, பச்சை எல்லாம் தெரியுது! அழிங்க, உடனே அழிங்க!"

செந்தூர்பாண்டி பெல்பாட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, பானையை மூடினார். வானவில் போயிற்று.

கடைசியில் அலுவலர் கைகட்டி, குனிந்து, நிஜமாகவே பயந்து கேட்டார்: "அம்மையார் ஏதாவது குறை கண்டீங்களா?" கொஞ்ச நேரம் முன்னால் தானே உட்கார வைத்த ஆள்தான். ஆனாலும் நாற்காலி நாற்காலிதானே!

பிலோமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டோர்," என்றாள். "போல்ட். உள்பக்கம். இன்னைக்கே."

இங்கிலீஷில் வந்த உத்தரவு என்பதால் மேலிடம், துளை, மராமத்து எதுவும் குறுக்கே வரவில்லை. பொழுது சாயுமுன் ஆசாரி ரோச் வந்தார். பித்தளையில், கனமான, உப்புக்கு அசையாத தாழ்ப்பாளாகப் பார்த்து மாட்டிவிட்டுப் போனார். பிலோமி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கைப்பிள்ளை அதை நக்கிப் பார்த்தது. விளக்கேற்றி, ரவைமூட்டையை மூலைக்குத் தள்ளிவிட்டு, கதவைச் சாத்தப் போனாள்.

"கிறீ...ச், கிறீ...ச்... டொம்!"

"ரெண்டு தபால் டீச்சரம்மா," என்றார் மாடக்கண்ணு, தலையை மட்டும் உள்ளே நீட்டி. "முதல்ல மெமோ. 'வசந்தம் அம்மையார் வருகை தந்த வேளையில் ஆசிரியை பிலோமி பணியில் காணப்படவில்லை. ஏன் வேலைநீக்கம் செய்யக்கூடாது என்பதற்கு விளக்கத்தை வசந்தம் அம்மையாரிடமே நேரில் அளிக்கவும்.'"

"அண்ணாச்சி! நாற்காலியில என்னைய உட்கார வச்சதே சார்தான!"

"அதான் நானும் கேட்டேன். வசந்தம் வந்தது நெசம்னா டீச்சர் வரலைங்கதும் நெசம்தானேங்காரு செந்தூர்பாண்டி. ஒரு நாற்காலியில ரெண்டு பேரு உட்கார முடியாதுல்லா? கூட்டத்துல அத்தனை பேரும் வசந்தத்தைப் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டாவ. நானும்தான் போட்டேன்."

"ரெண்டாவது?"

மாடக்கண்ணு குரலைத் தாழ்த்தினார். "மெட்ராஸ்லேருந்து புதுசா வந்திருக்கு. 'கோடை வருகிறான்! கொதித்து வருகிறான்!'னு போட்டிருக்கான். இந்த தடவ ஆம்பிளையாம். ரொம்பக் கோவக்காரராம். ஆபீஸே நடுங்கிட்டுக் கிடக்கு." கழுத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினார். "சார் கேக்கச் சொன்னாரு. உங்க வீட்டுக்காரர் ஹென்றி கப்பல்லேருந்து எப்ப வாராரு?"

பிலோமி அவர் தலையை மெதுவாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"டீச்சரம்மா! பதில் சொல்லுங்க! டீச்சரம்மா!"

"டீச்சரா?" என்றாள் பிலோமி உள்ளேயிருந்து. "அவங்கதான் பணியில இல்லையே!"

தாழ்ப்பாள் விழுந்தது.