ஒன்பது பல் போதும் என்றவர்

ஜவ்வாது மலையைக் கண்ணால் பார்த்தவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். அதைப் பல் பல்லாக எண்ணிப் பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். ஒடுகத்தூரில் ஜீப் பட்டறை வைத்திருக்கும் அவரை எல்லோரும் பல் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

வண்டியின் அச்சுக்குள் ஒரு பெரிய பல் சக்கரமும் ஒரு சின்னப் பல் சக்கரமும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றுகின்றன அல்லவா, அந்தப் பற்களுக்குத்தான் அவர் டாக்டர். இது தெரியாமல் ஒருமுறை செங்கத்திலிருந்து ஒருவர் வீங்கிய கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார். நம்மவர் அசரவில்லை. டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார்.

"கீழ்ப்பல்லு தேஞ்சிகீது. ஆனா ஒண்ண மட்டும் மாத்தக் கூடாதுங்க. மேலயும் சேர்த்து ஜோடியாத்தான் மாத்தணும்."

வந்தவர் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் செங்கம் வரை ஓடியே போனார் என்று சொல்வார்கள்.

நான் அவரிடம் போனது என் ஜீப்புக்காக. வாரத்தில் ஐந்து நாள் அதில்தான் வேலூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். சனி, ஞாயிறுகளில் அதன் பின்னால் டிரெய்லர் மாட்டி, சாமை உடைக்கும் மெஷினை ஏற்றிக்கொண்டு மலை ஊர்களுக்குப் போக ஆரம்பித்திருந்தேன். மலைப் பெண்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்து, அடிவாரம் வரை வந்து சாமை உடைத்துப் போவதைப் பார்த்ததால் வந்த ஆசை. ஆசை ஏறிய வேகத்தில் ஜீப் ஏறவில்லை. மூன்றாவது வளைவிலேயே கிளட்ச் கருகும் வாசனை. இரண்டு சனிக்கிழமை பாதி வழியில் திரும்பினேன். மேலே பெண்கள் மூட்டையோடு காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

பல் டாக்டர் ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இவ்ளோ பெரிய டயரு யாரு போட்டாங்க?"

"நான்தான். பார்க்க நல்லா இருக்குமேன்னு."

"நமக்கு வண்டியப் பார்த்தா நல்லாத்தான் கீது. வண்டிக்கு நம்மளப் பார்த்தா எப்படி இருக்கும்?"

அத்துடன் இழுவையைத் தின்ற அந்தப் பெரிய டயருக்குச் சமாதி கட்டி, பழைய அளவையே மாட்டினார். அச்சைத் திறந்து எண்ணினார். பெரிய சக்கரத்தில் நாற்பத்தொன்று, சின்னதில் பதினொன்று. சின்னச் சக்கரத்தில் பல் குறையக் குறைய இழுவை கூடும், ஓட்டம் குறையும். அவ்வளவுதான் கணக்கு. பழைய ஜீப்புகளில் எட்டுப் பல் உண்டு என்று எங்கோ கேட்டிருந்தேன். அதையே போடச் சொன்னேன்.

"எட்டுப் பல்லு போட்டா மலையையே கட்டி இழுத்துகினு வரும் சார். திங்கக்கிழமை வேலூர் ரோட்டுல அது கத்துற கத்துல உங்க காது போய்டும். வாரத்துல அஞ்சு நாள் சமதரை, ரெண்டு நாள் மலை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பல்லு கீது. இருங்க, பார்த்துட்டு சொல்றேன்."

பார்ப்பது என்றால் எப்படி? என்னை டிரெய்லரோடு மலையேறச் சொல்லிவிட்டு, காது கொடுத்துக் கேட்டபடி பின்னாலேயே நடந்து வந்தார். கிளட்ச் ஆற நான் நிறுத்தி நிறுத்திப் போனதில், ஏழாவது வளைவில் எனக்கு முன்பே போய் மதகுச் சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"ஒம்பது பல்லு. போதும்," என்றார்.

பின் அச்சுக்கு மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஃபோர் வீல் போட்டா முன் சக்கரம் ஆம்பூருக்குப் போவணும்னும், பின் சக்கரம் ஆரணிக்குப் போவணும்னும் அடிச்சிக்கும். ரெண்டுலயும் ஒரே பல்லுதான் சார்."

அடுத்த சனிக்கிழமை ஜீப் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது. திங்கட்கிழமை வேலூர் ரோட்டிலும் காது தப்பித்தது. மனிதரின் மேதைமை இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மழைத் தூறலில் மெஷினோடு மலை இறங்கிய ஒரு பிற்பகலில்தான் விஷயம் புரிந்தது.

பக்கத்து சீட்டில் மலைக்கார அம்மா சின்னப்பொண்ணு, மடியில் புளிக்கூடை. நான் முட்டாள்தனமாக மூன்றாவது கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து வந்தேன். பாதி மலையில் பிரேக் பெடல் சும்மா தரைவரை போனது. மறுபடி மிதித்தேன். சூடேறிய பிரேக் பிடிக்கவே இல்லை. பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளியது. எதிரே வளைவு, அதற்கு அப்பால் வெறும் மேகம். இரண்டாவது கியரில் போட்டேன். இன்ஜின் ஒருமுறை அலறியது. யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததுபோல் வண்டி அடங்கி, நடக்க ஆரம்பித்தது.

"இன்னா சார், இப்படி ஊருது? நான் இறங்கி நடந்தா முன்னாடி போய்டுவேன்," என்றார் சின்னப்பொண்ணு.

நான் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அத்தனை வளைவுகளையும் அதே நடையில் கடந்து, அடிவாரத்துச் சமதரையில் வண்டி தானாக நின்ற பிறகுதான் பிரேக் இல்லாமல் வந்ததைச் சொன்னேன்.

"அதான் பேசாம வந்தீங்களா! நான் என் மேல கோவம்னு நெனச்சேன்."

பிரேக் ஆறிப் பிடிக்க ஆரம்பித்ததும் நேராகப் பட்டறைக்குப் போய்ப் பல் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"ஏறும்போது முடியலன்னா வண்டி நின்னுடும் சார், அவ்ளோதான். இறங்கும்போது முடியலன்னா? பல்லு குறைஞ்சா இறங்கும்போது இன்ஜினே வண்டியப் புடிச்சிக்கும். பத்துப் பல்லு போட்டாலே நீங்க ஏறியிருப்பீங்க. இறங்குறதுக்குத்தான் ஒம்பது போட்டேன்." பிறகு, பிரேக்கை அப்படி மிதித்ததற்காக என்னை ஒரு மணி நேரம் திட்டினார். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

போன மாதம் அவரை மலைக்கு அழைத்துப் போனேன். சாமை மெஷினைத் திறந்து பார்த்து, உள்ளே பெல்ட்தான் ஓடுகிறது என்று தெரிந்ததும், "பாவம், பொக்கை வாய்," என்று மூடிவிட்டார். சின்னப்பொண்ணு வீட்டில் சாமைச் சோறு போட்டார்கள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். எண்ணெய்க் கறை போகாத அந்தக் கையைக் கழுவ அவர் எழுந்தபோது, சொம்பை யாரிடமும் கொடுக்காமல் நானே தண்ணீர் ஊற்றினேன்.