கேன்வஸ் அண்ணனின் முதுகு

தன் சொந்த முதுகையே திருடன் என்று சொல்லி ஆள் பிடிக்கக் கிளம்பிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் கேன்வஸ் அண்ணன்தான். வேறு யாராவது அப்படி இருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரிவிக்காதீர்கள். ஒருவரைச் சமாளித்ததே போதும்.

கோலா சிலாங்கூரில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை இடித்தபோது வெளியே வந்தவர்களில் கைத்தொழில் தெரிந்தவர்கள் அங்கே வரிசையாகப் பட்டறை போட்டுக்கொண்டார்கள். கடைசிப் பட்டறை அண்ணனுடையது. லோரிக்கு மட்கார்ட், சாப்பாட்டுக் கடைக்குப் பெரிய அண்டா மூடி என்று தகட்டில் வளைவாக எது கேட்டாலும் அடித்துத் தருவார். சுவர் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் லோரி மூடுகிற பச்சைக் கேன்வஸ் தொங்கும். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருப்பதால் இங்கே எழுதவில்லை.

சந்துக்குள் யார் கால் வைத்தாலும் உள்ளே சுத்தியல் சத்தம் நின்றுவிடும். கேன்வஸுக்கு மேலே ஒரு தலை எழும். "என்னா பாக்குற?" என்று கேட்கும். பதில் எல்லோருக்கும் மனப்பாடம். "நான் ஒண்ணும் பாக்கலண்ணே." எங்கள் சந்தில் காலை வணக்கம் என்பதே அதுதான். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கும் பாப்பாத்தி அக்கா, அவர் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லிக்கொண்டுதான் சந்துக்குள் நுழைவார்.

அதிகமாக மாட்டிக்கொண்டவர் எதிரே டயர் கடை வைத்திருக்கும் ராஜு. பாவம், கடைக்கு ஒரு கண்காணிப்புக் கேமரா மாட்டினார். அது தன் பட்டறையைத்தான் பார்க்கிறது என்று அண்ணன் ஒரே ரகளை. ராஜு சண்டை பிடிக்கிற ஆளில்லை. கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். கொஞ்ச நாளில் கடையில் நான்கு லோரி டயர் களவு போனது. போலீஸ் வந்து பதிவைப் போட்டுப் பார்த்தால், வெள்ளைச் சுவர். அதில் ஒரு பல்லி. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. டயரைத் திருடியது யார் என்று அண்ணனிடம் கேட்டால், "அவனே எடுத்து ஒளிச்சு வெச்சிருப்பான்" என்பார்.

இவ்வளவு சந்தேகம் ஒரு மனிதருக்குப் பிறவியிலேயே வருமா என்று கேட்கலாம். வராது. அண்ணன் ஒரு காலத்தில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே தகடு வளைப்பதில் இவர் கண்டுபிடித்த ஒரு சுலப வழியை, சூப்பர்வைசர் தன்னுடையது என்று மேலிடத்தில் காட்டிப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டார். அதைக் கொண்டாட நடந்த விருந்தில் அண்ணனும் கை தட்டினாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். அப்போது அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது.

கேன்வஸுக்குள் அப்படி என்னதான் செய்தார்? இப்போது அது ஊரறிந்த விஷயம் என்பதால் சொல்கிறேன். ஒரு தகட்டைக் குழிவாக வளைத்தால் ஓரத்தில் சுருக்கம் விழும். அதை வரவிடாமல் தடுக்கத்தான் எல்லோரும் பாடுபடுவார்கள். அண்ணன் வேண்டுமென்றே முதலில் ஓரம் முழுக்கப் புடவைக் கொசுவம் போலச் சுருக்கம் வைத்துவிடுவார். பிறகு கனமான ரப்பர் வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, உள்வளையத்தில் தொடங்கி வெளிவளையம் வரை வரிசையாக அழுத்துவார். கொசுவமெல்லாம் தகட்டுக்குள்ளேயே கரைந்து, வழவழவென்று கிண்ணம் மாதிரி வந்துவிடும்.

ரவாங் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று இந்த வேலையின் நேர்த்தியைப் பார்த்து, முறையைக் காட்டினால் நிரந்தர ஆர்டர் தருவதாகச் சொன்னது. அண்ணனுக்கு ஆசை. அதைவிடப் பயம். காட்டினால் இன்னொரு சூப்பர்வைசர், இன்னொரு விருந்து. காப்புரிமை வாங்கிவிட்டால் யாராலும் பிடுங்க முடியாது என்று யாரோ சொல்ல, அவர் என்னைத் தேடி வந்தார். நான் அப்போது ரவாங்கில் ஒரு காப்புரிமை முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். முகவர் ஓர் அம்மையார். நாங்கள் மேடம் என்போம்.

கோலா சிலாங்கூரிலிருந்து ரவாங்குக்கு நேர் வழி இருக்கிறது. அண்ணன் வடக்கே வெகுதூரம் தள்ளியிருக்கும் கலும்பாங் வரைக்கும் மோட்டாரில் போய், அங்கே ஒரு தேத்தண்ணி குடித்து, பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு ரவாங்குக்குத் திரும்பி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. மேடம் கண்டுபிடிப்பை விளக்கச் சொன்னார். "அது ஒரு வேல" என்றார் அண்ணன். என்ன வேலை? "தகட்டு வேல." எப்படிச் செய்வீர்கள்? அண்ணன் மேடத்தை மேலும் கீழும் பார்த்தார். "அதத் தெரிஞ்சிக்கிட்டு நீங்க என்னா பண்ணப் போறீங்க?"

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. முறையின் முதல் பாதியை என்னிடம் சொல்வார். பின்பாதியை மேடத்திடம் சொல்வார். நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது. அப்படியானால் விண்ணப்பத்தை யார் முழுதாக எழுதுவது என்று மேடம் கேட்டதற்கு, அதை அவர் இன்னும் யோசிக்கவில்லை என்றார். சில வாரங்கள் நானும் மேடமும் சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவதைக்கூட அவர் விரும்பவில்லை. காப்புரிமை கேட்டால் முறையை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவார்கள் என்று தெரிந்த அன்று நாற்காலியிலிருந்து எழுந்து போய்விட்டார். எழுதி வைத்தால்தான் இது உங்களுடையது என்று நாளைக்கு நிரூபிக்க முடியும் என்று அண்ணி, அதாவது அவர் மனைவி, எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பினார். ஒருவழியாக விண்ணப்பம் போனது.

காப்புரிமை ஆய்வு என்பது அண்ணனுக்காகவே கண்டுபிடித்த வேலை. இது உண்மையிலேயே புதுசா, இதற்கு முன் உலகத்தில் எங்காவது, யாராவது செய்திருக்கிறார்களா என்று ஓர் ஆய்வாளர் உட்கார்ந்து தோண்டுவார். தன்னைவிடச் சந்தேகப் பிராணி ஒருவர் அரசாங்கச் சம்பளத்தில் இருக்கிறார் என்று தெரிந்ததும் அண்ணனுக்கு அந்த முகம் தெரியாத ஆய்வாளர் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. ஆய்வறிக்கை வரும்வரைதான் அந்த மரியாதை.

அறிக்கை சொன்னது இதுதான்: விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இதே முறையில் ஒருவர் தகடு வளைக்கும் காணொளி இணையத்தில் இருக்கிறது, ஆகவே இது புதியதல்ல. மேடம் கணினியில் காணொளியைப் போட்டார். யாரோ வெட்டி, யாரோ பகிர்ந்து வந்த சின்னத் துண்டு. இடம் எதுவென்று தெரியவில்லை. தலையிலும் வாயிலும் துண்டு கட்டிய ஓர் ஆள், முக்கால்வாசி முதுகைக் காட்டி, கை மட்டும் தெரிய உட்கார்ந்து கொசுவம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ரப்பர் வளையம். உள்ளிருந்து வெளியே.

அண்ணனின் முகம் வெளுத்துப் போனது. "இவந்தான்" என்றார். "நான் சொன்னேன்ல. நீங்கள்லாம் சிரிச்சீங்க. திருட்டுப் பயலோட முதுகப் பாருங்க, கூன் போட்டுக்கிட்டு." முதுகை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்று போலீசில் கேட்கப் போவதாகக் கிளம்பினார்.

அன்று அண்ணியும் கூட வந்திருந்தார். கணினிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "அது நீங்கதாங்க" என்றார். "கைலியில பின்பக்கம் பூப்போட்ட ஒட்டுத் துணி தெரியுது பாருங்க. வீட்டுத் திரைச்சீலயில வெட்டி நாந்தான் தெச்சேன்."

அண்ணன் தன் முதுகை அதற்கு முன் பார்த்ததே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முதல் தடவையாக ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. விண்ணப்பத்துக்கு முன் வந்த திருவிழாவுக்காக எங்கள் அம்மன் கோயில் ரதத்துக்குத் தகட்டில் ஒரு குடை தேவைப்பட்டது. அண்ணன் செய்து தருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். ஆனால் எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அம்மனுக்குச் செய்யும் எதையும் குளித்துவிட்டு வந்து, கோயில் வாசலில் அவள் பார்வையில், மறைப்பில்லாமல் செய்யவேண்டும். கேன்வஸ் கூடாது என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊரே கவலைப்பட்டது. கடைசியில் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசலில் உட்கார, நாங்கள் அத்தனை பேரும் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டோம். வழியில் போன மலாய்க்காரர் ஒருவர் மோட்டாரை நிறுத்தி, ஒருவர் சுத்தியலால் அடிக்க ஊரே ஏன் சாலையைப் பார்த்து நிற்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். கோயில் செயலாளர் மட்டும், திருப்பணியைப் பதிவு செய்யவேண்டுமே என்று, திரும்பி நின்றபடியே தோளுக்கு மேல் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்திருக்கிறார். அந்தக் காணொளிதான் கைமாறிக் கைமாறி இணையம் வரை போயிருக்கிறது.

நல்ல செய்தியும் ஒன்று இருந்தது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருஷத்துக்குள் கண்டுபிடித்தவரே அதை வெளியில் காட்டியிருந்தால், சட்டம் அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளாது. திருவிழா அந்தக் கெடுவுக்குள்தான் வந்தது. தேதியை நிரூபிக்கச் செயலாளரின் கைப்பேசி இருந்தது. ஆனால் அந்த முதுகு அண்ணனுடையதுதான் என்று யார் சொல்வது? மனைவியின் சொல் மட்டும் போதாது, நேரில் பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர் சத்தியப் பிரமாணம் கொடுக்கவேண்டும் என்றார் மேடம். இல்லாவிட்டால் காப்புரிமையும் போச்சு, ஆர்டரும் போச்சு.

அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு சந்தில் இறங்கினார். "அக்கா, கோயில்ல நான் கொட செஞ்சதப் பாத்தீங்கல்ல?" என்று கேட்டார். பாப்பாத்தி அக்கா கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். "நான் ஒண்ணும் பாக்கலண்ணே" என்றார். அன்றைக்குக் கோயிலுக்கே வரவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அன்னதானச் சோறு வடித்ததே அவர்தான். பூசாரி, தாம் அம்மனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். தோள்பட்டைக்கு மேல் படம் எடுத்த செயலாளரும் தாம் எதையும் பார்க்கவில்லை என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாரானார். அண்ணன் ஏதோ பொறி வைக்கிறார் என்றே ஊர் முடிவு கட்டிவிட்டது. அவர் பழக்கிய பழக்கம், யாரைக் குறை சொல்வது? நானாவது சாட்சி சொல்லலாம் என்றால், நான் முதல் வரிசையில் நின்று நிஜமாகவே சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

மிச்சம் இருந்தது டயர் கடை ராஜு. அண்ணன் கடை வாசலில் போய் நின்றார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். ராஜு ஒரு டயரைக் கழற்றி முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தார்.

"அன்னிக்கிக் கோயில்ல..." என்று ஆரம்பித்து அண்ணன் நிறுத்திவிட்டார்.

"பாத்தேன்" என்றார் ராஜு.

அண்ணன் நிமிர்ந்தார்.

"மொதல்ல சுத்திக் கொசுவம் வெப்பீங்க. அப்புறம் ரப்பர் வளையம். உள்ளேர்ந்து வெளிய வரணும். வெளியேர்ந்து உள்ள போனா தகடு கிழிஞ்சிரும். கோயில்ல மட்டும் பாக்கலண்ணே. ஒங்க கேன்வஸ்ல எங் கடைப் பக்கம் ஒரு ஓட்ட இருக்கு. ரெண்டு மூணு வருசமா இருக்கு."

அண்ணன் அங்கிருந்த டயர் மேல் மெதுவாக உட்கார்ந்தார். "யார்கிட்டயாச்சும் சொன்னியா?" என்று கேட்டார். சந்தேகத்தோடு கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டார்.

"எதுக்குண்ணே சொல்லணும்? அது ஒங்க வேல லா" என்றார் ராஜு.

அண்ணனின் கண் கலங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். சட்டென்று நானும் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஓட்டை விண்ணப்பத்தைக் கெடுத்துவிடுமோ என்று எனக்குப் பயம். மேடத்திடம் கேட்டேன். ஒருவர் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமலேயே இருந்தால் அது ஊருக்கு வெளியான கணக்கில் வராது, எதையும் மறைக்காமல் ஓட்டையையும் சேர்த்தே எழுதுங்கள் என்றார். அப்படியே எழுதினோம். ராஜு டவுனுக்குப் போய்ச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். அவரை அண்ணன் ஒன்றும் திட்டவில்லை என்று தெரிந்ததும் பாப்பாத்தி அக்கா வந்தார். அன்னதான அண்டா மூடியைத் துடைத்துத் துடைத்து, அதில் விழுந்த பிம்பத்தில் எல்லாவற்றையும் பார்த்தாராம். செயலாளர், பூசாரி, வெல்டிங் கடைக்காரர் என்று சந்தே வந்து நின்றது. திரும்பி நின்றவர்களில் பார்க்காத ஆள் நான் ஒருத்திதான். இவ்வளவு பேர் பார்த்து, ஒருவர்கூட வாய் திறந்து வெளியே சொல்லவில்லை. மேடம் மூன்று பேர் போதும் என்று சொல்லி மற்றவர்களைத் திருப்பி அனுப்பவேண்டியதாயிற்று.

ஆய்வாளர் ஏற்றுக்கொண்டார். காப்புரிமை கிடைத்தது, ஆர்டரும் வந்தது. ராஜுவின் கேமரா இப்போது ஒழுங்காகக் கடையைப் பார்க்கிறது. அண்ணனே ஏணி போட்டு ஏறித் திருப்பி வைத்தார்.

அவர் முறையை இன்றைக்கு உலகத்தில் யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். ஆனாலும் பட்டறையைச் சுற்றிப் பச்சைக் கேன்வஸ் அப்படியேதான் தொங்குகிறது. டயர் கடைப் பக்கம் இருக்கும் ஓட்டையை மட்டும் அவர் அடைக்கவில்லை. மேலும் கிழிந்துவிடாமல் அதன் ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைத்து வைத்திருக்கிறார்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். சுத்தியல் சத்தம் நின்றது, தலை எழும்பியது, "என்னா பாக்குற, தங்கச்சி?" என்று கேட்டது. ஒன்றும் பார்க்கவில்லை அண்ணே என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். நான் திரும்பிப் பார்த்தால் அவர் ஏமாந்து போவார், அதை என்னால் தாங்க முடியாது.