நாத்தனார் மகளின் கணக்கு நோட்டு

நான் பிறந்ததிலிருந்து இதுவரை ஒரே ஒரு முறைதான் திருடியிருக்கிறேன். தங்கமோ வைரமோ இல்லை, மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு. (அதுவும் நாத்தனார் மகளுடையது. சொந்தத்துக்குள்ளேயே முடித்துக்கொண்டேன் என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.)

மகள் மகிழைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவெடுத்தபோது அவளுக்கு ஐந்து வயது. மலையாள எல்லையில், கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் மாந்தோப்புக்குள் வீடு. மரம், ஆடு, வாய்க்கால், இதைவிட வேறென்ன பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டவர்களிடமெல்லாம் வாய் கிழியப் பேசினேன். கேட்காதவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே பேசினேன். ஒரு கல்யாணப் பந்தியில் மார்க்கையும் ரேங்கையும் நான் கிழித்த கிழியில், எதிரே இருந்த வாத்தியார் ஒருவர் பாயசம் வருவதற்குள் எழுந்து போய்விட்டார்.

மகிழுக்கு எட்டு வயதானது. எந்த ஆடு எப்போது குட்டி போடும் என்று சரியாகச் சொல்வாள். ஏழெட்டு எவ்வளவு என்றால் "எதுக்கும்மா?" என்பாள். விருந்தாளிகள் இருக்கும்போது அந்தப் பதில் எனக்குப் பெருமையாக இருக்கும். அவர்கள் போனதும் அதே கேள்வியை அவளிடம் மறுபடி கேட்பேன்.

அப்படியான ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஊரான சித்தூரிலிருந்து என் நாத்தனார் கவிதா மகள் தன்யாவோடு வந்தாள். தன்யாவுக்கும் மகிழுக்கும் ஒரே வயது. தன்யா இங்கிலீஷ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு. திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை என்று புத்தகப் பையையும் தூக்கி வந்திருந்தாள். இட்லி தின்றுகொண்டே பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். மகிழ் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "இது என்ன பாட்டு தன்யா?" என்றாள்.

நான் பாதி இட்லியோடு எழுந்துவிட்டேன்.

மத்தியானம் பிள்ளைகள் தோப்புக்குப் போனார்கள். கவிதா கண்ணயர்ந்தாள். நான் பையைத் திறந்தேன். மூன்றாம் வகுப்பில் என்னதான் நடத்துகிறார்கள் என்று போனில் நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம் என்பதுதான் திட்டம். நோட்டை எடுத்தேன். கூடவே பாடப் புத்தகத்தையும், பழைய பரீட்சைத் தாள்கள் இருந்த ஃபைலையும் எடுத்தேன். மாங்காய் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நாலாவது படம் எடுக்கும்போது வெளியே கவிதாவின் குரல் கேட்டது. (எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.)

"நங்கை, எங்க இருக்கறீங்க? நாலு மணி பஸ்ஸுக்குக் கெளம்பறோமுங்க!"

அனுபவமுள்ள திருடர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. நான் மூன்றையும் நைட்டிக்குள் விட்டு, உள்பாவாடை நாடாவில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பை அதற்குள் தன்யாவின் தோளில் ஏறியிருந்தது. "போயிட்டு வர்றேன் அத்தை" என்று ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை, வயிறு ஏன் இப்படிக் கெட்டியா இருக்குது?"

கவிதா என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். நான் திருதிருவென்று விழித்ததை அவள் வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

"நங்கை! எத்தன மாசமுங்க? எங்ககிட்டக்கூடச் சொல்லல பாத்தீங்களா!"

இல்லை என்றால், அப்புறம் அது என்ன என்று கேட்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். (வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை, கவனிக்கவும்.)

பஸ் சித்தூர் போய்ச் சேருமுன் செய்தி எல்லா ஊருக்கும் போய்விட்டது. என் வீட்டுக்காரர் தோப்பிலிருந்து போனும் கையுமாக ஓடி வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "ஏம்புள்ள, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலயா?"

நான் புத்தகம், நோட்டு, ஃபைல் மூன்றையும் மேசைமேல் எடுத்து வைத்தேன். அவர் பாவம், ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "கவிதாவக் கூப்புட்டு உண்மையச் சொல்லிப்போடு" என்றார்.

அதற்குள் கவிதாவே கூப்பிட்டாள். தன்யாவின் கணக்கு நோட்டு, புத்தகம் எதையும் காணோம், அங்கே விட்டுவிட்டாளா என்று கேட்டாள். "இல்லியே அம்மணி, இங்க ஒண்ணும் காணமே" என்றது ஒரு குரல். என் குரல்தான். இப்போது வாயைத் திறந்தும் பொய் சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு சித்தூர் போனோம். யாரும் பார்க்காதபோது கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு வந்துவிடுவதாக ஏற்பாடு. கொண்டு போவது எதில்? வேறு வழியில்லை, பழைய இடத்திலேயே செருகிக்கொண்டேன். (மாசமாக இருப்பவள் தட்டையாகப் போய் நிற்க முடியுமா?) நான் சேலைக்குள் சாமான் அடுக்குவதை மகிழ் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மகள் கவிதாவின் வீட்டில் தங்கியிருந்த என் மாமியார், வாசலிலேயே திருநீறு பூசி, லட்டை ஊட்டி, என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். "அசையாம உக்காரு கண்ணு" என்று உத்தரவு. பக்கத்து வீட்டு டீச்சரம்மா எட்டிப் பார்த்து, "விசேஷமுண்டு அல்லே?" என்று மலையாளத்தில் குசலம் விசாரித்தார். கட்டில் பத்தடி தூரத்தில் இருந்தது. எழுந்திருக்கத்தான் யாரும் விடவில்லை.

மூலையில் தன்யா அழுது அழுது முகம் வீங்கி நின்றாள்.

"நாளைக்குப் பரீட்சய வெச்சுக்கிட்டு எங்கியோ தொலச்சுப்போட்டு வந்து நிக்கறா!" என்று கவிதா கத்தினாள்.

"நான் தொலைக்கலம்மா. பையிலதான் வெச்சேன். சாமி சத்தியமா."

முதுகில் பளாரென்று ஒரு அடி விழுந்தது. அந்த நிமிஷமே நான் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை, வாயில் லட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமாக நான் உட்கார்ந்ததில்லை.

மகிழ் எழுந்தாள்.

"தன்யாவ அடிக்காதீங்க அத்தை. நோட்டு எங்கம்மா வயித்துல இருக்குது."

புத்தகம், நோட்டு, ஃபைல் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். மாமியார் லட்டுத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். அந்த முகம் வாடியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

"எதுக்குங் அத்தை எடுத்தீங்க?" என்று தன்யா கேட்டாள்.

"மகிழ் உன்னவிடப் பின்னாடி நின்னுட்டாளோன்னு பயமா இருந்துது கண்ணு" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மூன்று வருஷமாக மனதுக்குள் இருந்ததை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன்.

கவிதா முறைத்தாள். என் வயிற்றைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. மாமியாரும் சேர்ந்துகொண்டார். தன்யா மட்டும் சிரிக்கவில்லை. நாலு மாசம் என்னோடு பேசவும் இல்லை. அவள் செய்தது நியாயம்.

மகிழுக்கு இப்போது பதின்மூன்று வயது. இன்னும் வீட்டில்தான் படிக்கிறாள். ஏழெட்டு எப்போதோ வந்துவிட்டது, பின்னக் கணக்கு வரமாட்டேன் என்கிறது. பின்தங்கியிருக்கிறாளா என்று யாராவது கேட்டால், "கணக்குல ஆமாங்க" என்று சொல்லிவிடுகிறேன். பந்தியில் வாத்தியார்களைச் சாப்பிட விடுகிறேன்.

ஆனால் பாருங்கள், நான் மாசமாக இருந்த செய்தி போன வேகத்தில் அதன் திருத்தம் போகவில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் தூரத்துச் சொந்தம் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங் அம்மணி, ரெண்டாவதக் கூட்டியாரலீங்களா? எந்தப் பள்ளிக்கோடத்துல போட்டிருக்கறீங்க?" என்று கேட்டார். பின்னால் கவிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர்தான் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"அதுவும் ஊட்டுலயேதானுங்க படிக்குது."