மாப்பிள்ளை இறங்கிய துறை

கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு இருக்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்க வேண்டும். ஆட்டுக்குட்டிகூட இதைச் சரியாகச் செய்துவிடும். என்னால் முடியவில்லை.

அப்போது யுத்த காலம். பஸ்கள் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடின (ஓடின என்பது மரியாதைக்குச் சொல்வது). அரியலூரிலிருந்து அரும்பாவூருக்கு எங்கள் கூட்டம் வந்த பஸ்ஸை மேடு கண்ட இடமெல்லாம் இறங்கித் தள்ளினோம். நானும் தள்ளினேன். பெண் வீட்டு வாசலில் போய் நின்றபோது, ஆரத்தித் தட்டோடு வந்தவர்களுக்கு மாப்பிள்ளை யார், பஸ்ஸுக்குக் கரி போடுகிறவன் யார் என்று சந்தேகம் வந்துவிட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை முகூர்த்தம். அதற்கு முன்னால் ஏரிக்கரைப் பிள்ளையாரிடம் தாலியை வைத்துக் கும்பிட்டு எடுத்து வர வேண்டும். தாலித் தட்டை என் அக்கா ஏந்தி வந்தாள். அந்த வயதில் எனக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது, என்னைத் தவிர. பூசை முடிந்ததும், "குடுக்கா, நீ எங்கயாச்சும் போட்டுடுவ" என்று தாலியை எடுத்துப் பட்டு வேட்டி மடியில் செருகிக்கொண்டேன்.

"நல்ல நேரத்துல வாயக் கழுவுடா" என்றாள் அக்கா.

வாயைக் கழுவவில்லை; காலைக் கழுவலாமென்று ஏரிப் படியில் இறங்கினேன். குனிந்தேன். மடி அவிழ்ந்தது. சுண்டைக்காய் விழுந்தது போல் ஒரு சின்னச் சத்தம். தண்ணீருக்குள் மஞ்சள் கயிறு ஒருமுறை வளைந்து தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

தை மாதம், ஏரி நிறைந்து கிடந்தது. கடைசிப் படியைத் தாண்டினால் ஆள் ஆழம். அக்கா தட்டைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த முகூர்த்தத்தை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. அரிசி கிடைக்காத காலத்தில் என் மாமனார் ஊர் ஊராகக் கெஞ்சிச் சேர்த்த அரிசி அங்கே அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாலியைத் தண்ணீரில் போட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

கரை நெடுக முள்ளும் சேறும் என்பதால் ஊருக்கே அந்த ஒரு துறைதான். குளிக்க வந்தவர்கள், குடத்தோடு வந்த பெண்கள், மாடு கழுவ வந்தவர்கள் என்று கால் வைக்க இடமில்லை. விஷயம் தெரிந்ததும் எல்லாரும் கரையேறி வழிவிட்டார்கள். முக்குளிக்கத் தெரிந்த இரண்டு பேர் கோவணத்தோடு வந்து நின்றார்கள். ஒருவர் பெண்ணின் தாய்மாமன் சின்னச்சாமி. இன்னொருவர் என் சிநேகிதர் காதர் பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர், வெள்ளாற்றில் குதித்து வளர்ந்தவர். பிழைத்தேன் என்று நினைத்தேன்.

"நீங்க எறங்குங்க பாய். விருந்தாளி."

"பொண்ணுக்கு மாமன் நீங்க இருக்கறப்ப நான் முந்தறதா? முறையில்லீங்க."

"முறையெல்லாம் பந்தல்ல. தண்ணியில என்னங்க முறை? எறங்குங்க."

"இது உங்க ஊரு ஏரிங்க. நீங்க மொதல்ல."

பந்தலில் நாயனக்காரர் வாசித்ததையே திரும்ப வாசிக்க ஆரம்பித்தது அங்கே வரை கேட்டது. ஒருவழியாகச் சின்னச்சாமி மாமா, அந்தத் துறையின் வழக்கப்படி கரையைப் பார்த்து, "எறங்கட்டுங்களா?" என்றார். "எறங்குங்க" என்றது கரை. தண்ணீர் அலுங்காமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு எழுந்தவர், அடுத்தவருக்கு இடைஞ்சல் வேண்டாமென்று படியை விட்டுவிட்டு முள் பக்கமாகச் சுற்றிக் கீறிக்கொண்டு ஏறினார்.

சரி, பாய் குதிப்பார் என்று பார்த்தேன். பாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பாய், என்ன உக்காந்துட்டீங்க?" என்று அலறினேன்.

"தண்ணி தெளியட்டும் தம்பி."

தெளிகிற வரை இருவரும் பேசினார்கள். இந்த வருஷம் சோளம் எப்படி என்று இவர் கேட்டார். லப்பைக்குடிக்காட்டில் மழை உண்டா என்று அவர் கேட்டார். அப்புறம் பாய், "எறங்கட்டுங்களா?" என்றார். "எறங்குங்க" என்றது கரை. அவரும் அலுங்காமல் போனார், வெறுங்கையோடு எழுந்தார், முள்ளில் ஏறினார். மறுபடி, "தண்ணி தெளியட்டும்." என் வாழ்க்கை முழுகிக்கொண்டிருக்கிறது, இவர்கள் சம்பந்தி உபசாரம் செய்துகொண்டிருக்கிறார்களே என்று எனக்கு அழுகை வந்தது. பந்தல் பக்கமிருந்து யாரோ, "நேரமாவுது, மாப்ளைய வரச் சொல்லுங்க!" என்று கத்தினார்கள்.

அவ்வளவுதான். யாரையும் கேட்காமல், மாலை, சந்தனம், ஜரிகைத் தலைப்பாகை சகிதம் குதித்தேன்.

எனக்கு நீந்தத் தெரியாது என்பது குதித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அடிச்சேற்றில் நின்று நான் ஆடிய ஆட்டத்தை விவரிக்க விரும்பவில்லை. தாலியைத் தேட இருந்த இரண்டு பேரும் இப்போது என்னைத் தேடினார்கள். பாய் தலைமயிரைப் பிடித்தார். மாமா வேட்டியைப் பிடித்தார். நான் பாயோடு கரைக்கு வந்தேன். வேட்டி மாமாவோடு வந்தது. குடத்தோடு நின்ற பெண்கள் சட்டென்று திரும்பிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி, "மாப்ள கறுப்புன்னாங்க, அப்படி ஒண்ணும் இல்லியே" என்றாள்.

மாமா ஏரியைக் குனிந்து பார்த்தார். துறை முழுவதும் கரைத்துவிட்ட சாணி மாதிரி இருந்தது. தாலி எங்கேயாவது மேலாகக் கிடந்திருந்தாலும் என் பாதம் அதைப் பாதாளத்துக்கே அனுப்பியிருக்கும்.

"இனிமே சாயங்காலமாவும் பாய், தெளிய."

"ஆமாங்க."

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்போது என் மாமனார் கரைமேல் வந்து நின்றார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தன் தோள் துண்டை எடுத்து நீட்டினார். அந்தத் துண்டைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்து போனேனே, அந்தத் தூரத்தை நான் இன்னும் நடந்து முடிக்கவில்லை.

பந்தலில் ஒரே கூச்சல். சகுனம் சரியில்லை, நிறுத்திவிடலாம் என்று ஒரு கட்சி. அடுத்த முகூர்த்தம் பார்க்கலாம் என்று இன்னொரு கட்சி. பாயின் வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு, காதிலிருந்து ஏரித் தண்ணீர் ஒழுக, மணையில் உட்கார்ந்திருந்தேன். என்னை எழுந்து போகச் சொல்லப்போகிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தது. சொன்னால் போய்விடுவது என்றும் முடிவு செய்திருந்தேன்.

பக்கத்தில் குனிந்த தலையோடு இருந்தவள் நிமிர்ந்தாள். "வூட்ல மஞ்சக் கெழங்கு இல்லியா? அதக் கயித்துல கோத்துக் குடுங்க. சோறு கொழையுது" என்றாள். கல்யாணப்பெண் வாயைத் திறந்ததில் இரண்டு கட்சியும் அவள் பக்கம் திரும்பின. அவள் பெயர் செல்லம். அவள் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு வந்தது. இனிமேல் யாரையும் கேட்காமல் எதிலும் இறங்குவதில்லை என்ற பயத்தில், அவள் காதருகே குனிந்து, "கட்டட்டுங்களா?" என்றேன்.

"கட்டுங்க" என்றாள். நான் அழுதேன். தண்ணீர்தான் வடிகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தத் தாலி கிடைக்கவே இல்லை. கோடையில் ஏரி வற்றியபோது துறையைக் கிளறியும் பார்த்தார்கள். அரும்பாவூரில் அந்தப் படிக்கு இப்போது மாப்பிள்ளைத் துறை என்று பெயர். காரணம் தெரியாத பையன்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் குளிக்கப் போகிறவர்கள், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள், ரசத்துக்குள் கரண்டியை விடுகிறவர்கள், எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் "எறங்கட்டுங்களா?" என்று கேட்பார்கள்.

போன தையில் பேத்திக்குக் கல்யாணம். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகப் பந்தலைச் சுற்றி வந்தது. எல்லாரும் தொட்டுக் கும்பிட்டார்கள். என்னிடம் வந்ததும் தட்டு பின்வாங்கியது. பின்னாலிருந்து சிரிப்பு. செல்லம் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்; அவள் கழுத்தில், பிற்பாடு செய்து போட்ட பொன் தாலிக்குப் பக்கத்தில், சுண்டிப்போன அந்த மஞ்சள் கிழங்கு தொங்கியது. வருஷா வருஷம் கயிறு மாற்றும்போதும் அதை எறிய மாட்டேனென்கிறாள்.

"தொடட்டுங்களா?" என்றேன்.

"இருங்க" என்றாள், மணிக்கட்டை விடாமல். "தண்ணி தெளியட்டும்."