அப்படியே நானா

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, ஆஸ்பத்திரி வாட்டில் ‘அப்படியே நானா’ வாயைத் திறந்தார். எங்கள் காரியம் கெடத் தொடங்கியது அப்போதுதான்.

புத்தளத்திலிருந்து சிலாபம் வரை அவரைவிட நம்பகமான மொழிபெயர்ப்பாளர் இல்லை. அவரைவிட ஆபத்தானவரும் இல்லை. தேங்காய் லொறியில் இருபது வருடம் திரிந்து சிங்களம் பிடித்தவர். சண்டை முடிந்த பிறகு எங்கள் குடியிருப்பில் எவருக்கு எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போவதென்றாலும் அவர்தான் துணை. பெயர் எவருக்கும் நினைவில்லை. "அப்புடியே சொல்லுவன், ஒண்டும் விடமாட்டன்" என்பதுதான் அவருடைய நிபந்தனை. அண்ணன் என்பதை நாங்கள் நானா என்போம்; அந்த ‘அப்படியே’யும் சேர்ந்து பெயராகிவிட்டது.

பேசுபவர் நானாவைப் பார்க்கக்கூடாது. "என்னப் பாக்காதீங்க, அந்தாளப் பாத்துக் கதைங்க. நான் இங்க இல்ல" என்பார். அதோடு, பேசுபவராகவே மாறியும் விடுவார். கிளினிக்கில் ஒரு கர்ப்பிணிக்காகப் பேசப் போனவர், நரைத்த தாடியைத் தடவிக்கொண்டு, "எனக்கு ஏழு மாசம் மிஸ். ராவெல்லாம் புள்ள உதைக்குது" என்று சிங்களத்தில் முறையிட்டார். மருத்துவிச்சி பதிவுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாராம்.

இன்னொரு நாள் கத்தரித் தோட்டத்தை ஆடு மேய்ந்ததென்று, எங்கள் அயலவர் ஒருவர் பக்கத்துச் சிங்கள விவசாயியிடம் நியாயம் கேட்கப் போனார். பேச்சின் நடுவே, "ஆட்டுக்கு இருக்கிற புத்தி இந்த மொட்டையனுக்கு இல்ல" என்று முணுமுணுத்தார். அது நானாவின் காதில் விழுந்துவிட்டது. சிங்களத்தில் அப்படியே போனது. விவசாயி தலையைத் தடவிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். நானா திரும்பினார்: "மொட்டை உண்மை. ஆடு என்ட இல்ல." விசாரித்தால், அயலவரின் மச்சானுடைய ஆடு.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்தவன்தான் நான். என் மகள் சஹ்லாவுக்கு நான்காம் நாளும் காய்ச்சல் விடாமல், டெங்கு என்று வாட்டில் சேர்த்தபோது சிரிப்பு வரவில்லை. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. என் சிங்களம் பஸ்ஸில் டிக்கட் எடுக்க மட்டும் போதும்.

"வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று டாக்டர் கேட்டதை நானா சொன்னார்.

"காய்ச்சல் குளிசை மட்டும்" என்றேன்.

மனைவி என் காதுக்குள், "உங்கட முதுகுவலிக் குளிசையக் குடுத்தத சொல்லிராதீங்க. டாக்டர் ஏசுவார்" என்றாள்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்த நாள் முதல் எங்களுக்கு இது பழக்கம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டோம். கேட்டதிலும் பாதிதான் சொல்வோம்.

நானா டாக்டர் பக்கம் குனிந்து, மனைவியின் அதே கிசுகிசுப்பில், அந்த வசனத்தைச் சிங்களத்தில் சொன்னார்.

டாக்டரின் முகம் மாறியது. எத்தனை, எப்போது என்று கேட்டார். முந்தின நாள் காலை ஒன்று, மாலை ஒன்று என்றோம். உடனே தாதியைக் கூப்பிட்டு எதையோ வேகமாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் கோபம் முழுவதும் நானாவின் வாயிலிருந்து வந்தது: "படிச்ச மனுசன்தானே நீங்க! டெங்குக்கு அந்தக் குளிசை குடுத்தா உள்ளுக்க ரத்தம் கசியும் எண்டு தெரியாதா?"

வாட்டே திரும்பிப் பார்த்தது. "நானா, மெதுவா" என்று கெஞ்சினேன். அதையும் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் குரலைத் தாழ்த்தினார். நானாவும் தாழ்த்தினார்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "பொம்புள காதுக்குள்ள சொன்னதயும் சொல்லணுமா? ஒரு சொல்ல விட்டா என்ன?"

"விடலாம் தம்பி. பிறகு டாக்டர் சொல்றதுல எத விட்டன் எண்டு நீங்க யோசிப்பீங்களே?"

பின்னேரம் மகளுக்குப் பல் ஈறில் இரத்தம் கசிந்தது. குளிசை விஷயம் தெரிந்ததால் அவளை ஏற்கெனவே தாதிக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றி, மணிக்கொரு தடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாமல் இருந்திருந்தால்? அதற்கு மேல் நினைக்க இன்றைக்கும் எனக்குத் தைரியமில்லை.

இரண்டு நாள் நானா வீட்டுக்குப் போகவில்லை. வாட்டுக்கு வெளியே மர வாங்கில் எங்களோடு உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாததால் பேசவும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டர் வந்தார். நானாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். நானா ஒவ்வொன்றாகச் சொன்னார்: "ரத்தம் கசியிறது நிண்டிட்டு. காய்ச்சலும் இறங்கிட்டு. இன்னும் ரெண்டு நாள் வச்சுப் பாத்திட்டு அனுப்புறன். இனிப் பயமில்ல."

பிறகு தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், என்ட புள்ள தப்பிட்டு" என்றார்.

என் சிங்களம் அரைகுறைதான். ஆனாலும் அந்தக் கடைசி வசனத்தை டாக்டர் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது.